பத்தொன்பது வில்லன்களின் தாய்மாமன்

தன் அக்கா பத்தொன்பது தடவை செத்துப்போயிருக்கிறாள் என்பது கோடவுன்காரருக்குத் தெரியாத விஷயம் இல்லை. சாகடித்ததில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் அதையெல்லாம் யாரோ உட்கார்ந்து பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

கோடவுன்காரர் என்றதும் மூட்டைகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தி அடிதடிப் படங்களை ஓயாமல் எடுத்துத் தள்ளும் ஒரு ஸ்டூடியோவில், படப்பிடிப்புக்கு வேண்டிய பொருள்கள் கிடக்கும் கோடவுன் அவர் பொறுப்பு. சுடாத துப்பாக்கிகள் இருநூறு, குத்தாத கத்திகள் அதற்கும் மேல், மண்டையில் அடித்தால் வலிக்காமல் உடையும் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக, வில்லன் உட்காருவதற்கென்று கைப்பிடியில் ஓநாய்த் தலை செதுக்கிய நாற்காலி ஒன்று. முப்பத்தோரு வருடமாக இவற்றுக்குத் தூசு தட்டித் தட்டி அவர் நுரையீரலிலேயே பாதி கோடவுன் இருக்கும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், வில்லனின் செத்துப்போன அம்மா போட்டோ எங்கே என்று டைரக்டர் கத்தினார். வாங்கிவரப் போனவன் அதை வழியில் எங்கோ தொலைத்துவிட்டு வந்து நின்றான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கோடவுன்காரர் என்ன செய்வார், பாவம். தன் பர்ஸில் இருந்த அக்காவின் போட்டோவை உருவி, ஒரு சட்டத்தில் போட்டு, வில்லன் மேசையில் வைத்துவிட்டார். அக்காவுக்கு நாற்பது வயதில் எடுத்தது. தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். "சீக்கிரம் எடுப்பா, வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்ல வாயெடுத்த முகம். டைரக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்த முகத்துக்காக எவனும் நாலு பேரக் கொல்லுவான்யா," என்றார்.

விஷயம் அன்றோடு முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்குக் காரணம் வில்லன் நியாய வாரியம்.

முன்பெல்லாம் வில்லன் என்றால் வில்லன். காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டுக் கெட்டது செய்யக் கிளம்பிவிடுவான். ஏன் என்று அவனை யாரும் கேட்டதில்லை. பிறகு ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. அவன் பக்கமும் ஏதாவது நியாயம் இருந்தால் தேவலை என்றார்கள். உடனே ஒரு வாரியம் வைத்துவிட்டார்கள். வாரியத்தின் விதிப்படி ஒவ்வொரு வில்லனுக்கும் குறைந்தது இரண்டு குடும்பக் காயங்கள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று தாய் சம்பந்தப்பட்டதாக இருப்பது நலம். உறுப்பினர்கள் மூவரில் இருவராவது அழுதால்தான் நியாயச் சான்றிதழ். மூன்றாமவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பதால் அவருக்கு மட்டும் விலக்கு.

அக்காவின் போட்டோ வாரியத்தின் மேசைக்குப் போனபோதெல்லாம் இருவரும் தவறாமல் அழுதார்கள். ராசியான போட்டோ என்று பெயர் பரவிவிட்டது. வருகிற டைரக்டர் எல்லாம் அதையே கேட்டார்கள். அப்படியே பத்தொன்பது படங்கள் ஆகிவிட்டன.

அக்காவுக்கு இதில் மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. டிவியில் போட்டால் விடாமல் பார்ப்பாள்.

"இந்தத் தடவ என்னை எப்படிடா கொன்னாங்க?"

"தீ விபத்துக்கா."

"போன தடவையும் தீதானே? மூளைய எங்கயாவது வாடகைக்கு விட்டுட்டானுங்களா?"

இப்படிப் பேசுகிற அக்காவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. இரண்டு முட்டியும் போய்விட்டன. முப்பது வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் இஸ்திரி போட்டவள். அங்கே இஸ்திரி போடுகிறவர்களுக்கு ஸ்டூல் கிடையாது. அம்மா அப்பா போன பிறகு பத்து வயதுத் தம்பியை ஆளாக்கியது அந்த நிற்றல்தான். தன் கால் இரண்டும் அக்காவின் முட்டிகளை வாங்கிக்கொண்டு நடப்பதாகவே கோடவுன்காரருக்குத் தோன்றும். இரண்டாவது மாடி வீட்டிலிருந்து அவள் இறங்கி எட்டு மாதம் ஆகிறது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தபடியே காய் நறுக்குவாள், உட்கார்ந்தபடியே துணி மடிப்பாள், உட்கார்ந்தபடியே தம்பியைத் திட்டுவாள்.

முட்டி மாற்ற ஆஸ்பத்திரியில் பதினாலாம் தேதி கொடுத்திருந்தார்கள். சினிமாத் தொழிலாளர் நலப் பிரிவிலிருந்து, இவள் இன்னாரின் குடும்ப உறுப்பினர்தான் என்று ஒரு கடிதம் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் பெயர் வரிசையின் வாலுக்குப் போய்விடும். பிறகு இரண்டரை வருடம் காத்திருக்க வேண்டும்.

ஒரு கடிதம்தானே என்று இரண்டாம் தேதி காலையில் கோடவுன்காரர் கிளம்பிப் போனார். நலப் பிரிவைப் போன வருடம்தான் வில்லன் நியாய வாரியத்தோடு சேர்த்திருந்தார்கள். இரண்டுமே குடும்பம் சம்பந்தப்பட்டதுதானே என்று எந்தப் பெரிய மனிதரோ சொன்னாராம். ஒரே கட்டடம், ஒரே பதிவேடு, ஒரே கோந்து பாட்டில். பன்னிரண்டு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும்.

கவுன்ட்டரில் இருந்த பெண் அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்தாள். அட்டையில் அக்கா என்று ஒட்டியிருந்ததும் அதே போட்டோதான். இன்னொன்று எடுத்துக்கொள்ள அக்காவுக்கு எங்கே நேரம் இருந்தது? பதிவேட்டைப் புரட்டிய அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது.

"முதல்ல என் ஆழ்ந்த அனுதாபங்கள், அண்ணா."

"எதுக்கும்மா?"

"அக்கா தவறிட்டாங்களே."

"காலையில எனக்கு டீ ஊத்திக் குடுத்தாளேம்மா!"

"நீங்க எந்த இறப்பச் சொல்றீங்க?" அவள் விரலை வைத்து எண்ணினாள். "தீ விபத்து ஆறு. லாரி மோதினது நாலு. வைத்தியம் பாக்க வழியில்லாம அஞ்சு. மகன் கைதவறிச் சுட்டது ஒண்ணு. மீதி மூணு கொலை." நிமிர்ந்து பார்த்தாள். "அந்த அஞ்சு இருக்கே அண்ணா, வைத்தியம் இல்லாம போனது, அன்னிக்கெல்லாம் இந்த ஆபீஸே அழுதுச்சு. ரெண்டு நாள் வேலை ஓடல."

"அதெல்லாம் படம்மா. இவ என் கூடப்பிறந்தவ. இப்பவும் அவளுக்கு வைத்தியத்துக்குத்தான் கடிதம் கேக்கிறேன்."

"புரியுதுண்ணா. ஆனா ஒரு போட்டோவுக்கு ஒரு ஆள்தான் ஏத்த முடியும். ஒரே முகம்னு மெஷின் சேத்துடுச்சு." பரிவோடு அடுத்த அறையைக் காட்டினாள். "கண்காணிப்பாளரப் பாருங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க, அவரு கொஞ்சம் நிறையப் பேசுவாரு."

கண்காணிப்பாளர் நிறையப் பேசவில்லை. பதிவேட்டையும் கோடவுன்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உக்காருங்க மாமா," என்றார் கடைசியில்.

"என்ன சார் மாமாங்கிறீங்க?"

"பத்தொன்பது வில்லனுங்களுக்கும் தாயி இவங்க. நீங்க இவங்க தம்பி. அப்போ நீங்க யாரு? தாய்மாமன்." குரலைத் தாழ்த்தினார். "ஒரு கேள்வி கேட்டா மறைக்காம சொல்லணும். அந்தப் பசங்க சின்ன வயசுல தெருத்தெருவா அலைஞ்சப்ப நீங்க எங்க போனீங்க?"

"கோடவுன்லதான் சார் இருந்தேன்."

"அவங்க அம்மா நெருப்புல நின்னப்ப?"

"நெருப்புக்கு டீசல் ஊத்திக்கிட்டு இருந்தேன்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று கோடவுன்காரருக்கு உறைத்தது.

கண்காணிப்பாளர் அதை எழுதிக்கொண்டார். "அந்த மூணு கொலை இருக்கே, அதச் செஞ்சதும் தாய்மாமன்தான்னு கதையில இருக்கு. அதனால உங்க வாய்வார்த்தைய நாங்க எடுத்துக்க முடியாது. உயிரோட இருக்காங்கன்னா அவங்களே நேர்ல வந்து சொல்லட்டும். எட்டாம் தேதி வாரியம் கூடுது."

"அவளால படி ஏற முடியாதுங்க. அதுக்குத்தான் முட்டி மாத்தணும்னு கடிதமே."

"முட்டி மாத்துனதும் வரட்டும். கடிதம் அப்பவே குடுத்துடறோம்."

கோடவுன்காரர் வெளியே வந்து பன்னிரண்டு படியையும் இறங்கி, கடைசிப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கோபம் கூட வரவில்லை. முப்பத்தோரு வருடம் பொய்க் கத்திகளோடு இருந்தவருக்குக் கோபத்தை எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோயிருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா முருங்கைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நாலு ஆளக் கூட்டிட்டு வா. என்னைத் தூக்கிட்டுப் போங்க. செத்த பொம்பளையத் தூக்கத்தானே போறீங்க, கனமா இருக்காது."

எட்டாம் தேதி காலை நான்கு ஃபைட்டர்கள் வந்தார்கள். படங்களில் வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நின்று, கடைசிச் சண்டையில் முதலில் சாகிறவர்கள். மாடிப்படி வளைவில் அக்காவை உட்காரவைத்துத் தூக்க வீட்டு நாற்காலி எதுவும் தாங்காது. கோடவுனில் இருந்ததிலேயே உறுதியானது ஓநாய்த் தலை நாற்காலிதான். ஒரு எம்.எல்.ஏ. எடைக்குச் செய்தது. அதைத்தான் கொண்டுவந்தார்கள். மொட்டை என்று கூப்பிடப்படும் மூத்த ஃபைட்டர் முன்கால் பக்கம் பிடித்துக்கொண்டார். அவர் சற்று நொண்டி நடப்பார்.

"உனக்கே கால் சரியில்ல, விடுப்பா," என்றாள் அக்கா.

"பாஸோட அம்மாவுக்காக எத்தன தடவ செத்திருக்கேன். ரெண்டு மாடி இறக்க மாட்டேனா? பிடிச்சுக்கங்கம்மா."

எட்டு மாதம் கழித்து அக்கா தெருவைப் பார்த்தாள். முடிவெட்டும் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். ஓநாய்களின் தலையில் கை வைத்துக்கொண்டு, சுற்றிலும் நான்கு தடியர்களும் ஒரு தம்பியும் வர, வேனில் ஏறி வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே வாசல் கதவு நாற்காலியைவிடச் சின்னதாக இருந்தது. ஆளை மட்டும் தூக்கிவருகிறோம் என்றதற்குக் கண்காணிப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. தூக்கி வந்தால் அது நேரில் வந்ததாகாது, கொண்டுவரப்பட்டதாகும். அதற்கு வேறு படிவம். அரை மணி நேரம் பேசி, வாரியம் ஆறாவது படிவரை இறங்கிவருவது என்று முடிவாயிற்று. அதற்குக் கீழே இறங்கினால் வாரியத்துக்கு மரியாதை இல்லை. நான்கு பேரும் நாற்காலியை ஐந்தாவது படிவரை ஏற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.

தலைவர் முன்னால் வந்தார். ஒரு காலத்தில் வசனம் எழுதியவர். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவர் உதடு நடுங்கிற்று. பக்கத்தில் நின்ற உறுப்பினருக்கும் கண் நிறைந்துவிட்டது. மூன்றாமவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா!" என்றார் தலைவர். "நீங்களா? அந்தத் தலைச் சாய்ப்பு! அதே தலைச் சாய்ப்பு!"

"கழுத்துப் பிடிப்பு. அப்பவே இருந்துச்சு," என்றாள் அக்கா. "என் தம்பிக்கு அந்தக் கடிதத்தக் குடுத்துடு ராசா. எனக்கு நேரமாச்சு."

தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்கென்று ஒரு விதி இருந்தது, அதை அவரே நீக்கியிருந்தார்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடி இந்தத் தொழில்ல கெட்டவங்க எல்லாரும் சும்மா கெட்டவங்களா இருந்தாங்க. காரணமே இல்லாம ஒருத்தன் கொல பண்றதப் பாத்தா மனசு பதறும். நாங்க வந்து ஆளுக்கொரு அம்மா குடுத்தோம். இப்ப பாருங்க, கொல அதே கொலதான், ஆனா பாக்கிறவங்க மனசு நிம்மதியா இருக்கு. குடும்பப் பாசம் இல்லாம ஒருத்தன்கூட இன்னிக்குத் துப்பாக்கியத் தொடுறதில்ல. இது..." சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து அணைத்தார். "இது சாதாரண சாதனையா? அம்மா, நீங்க உயிரோட இருக்கீங்கன்னு நான் கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்? பத்தொன்பது சான்றிதழும் செல்லாது. பத்தொன்பது பிள்ளைங்களும் வெறும் கொலைகாரனா நடுத்தெருவுல நிப்பாங்க. ஒரு தாய் அதச் செய்வாளா?" மறுபடி போன். மறுபடி அணைத்தார். "மன்னிக்கணும். குடும்பத்தப் பத்திப் பேசும்போதுதான் வீட்டுலேருந்து கூப்பிடுவாங்க. எங்கம்மா. காலைலேருந்து ஏழு தடவ. வயசானா இப்படித்தான்."

அக்கா அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றார் கோடவுன்காரர். அவருக்குக் கால் வலித்தது, படியில் யாரும் உட்காரச் சொல்லவில்லை. "பத்தொன்பது பேரும் கடைசி ரீல்ல செத்துட்டாங்க சார். நாலு பேர நான்தான் பொட்டியில வச்சு மூடினேன். இனி அவங்களுக்கு என்ன ஆகப்போகுது? எங்களுக்கு வர்ற பதினாலாந்தேதி ஆபரேஷன்."

கண்காணிப்பாளர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் மலர்ந்தது.

"வழி இருக்கு. விதி பதினேழு. படத்துல வர்றவங்கதான்னு இல்ல, தொழில்ல இருக்கிற யாரும் நியாயமான வில்லன்னு சான்றிதழ் வாங்கலாம். வாங்கிட்டா குடும்ப வைத்தியம் தானா வந்துடும், கடிதம்கூட வேணாம். போன வருஷம் ஒரு ஸ்டண்ட் மாஸ்டருக்குக் குடுத்தோமே. நைஞ்ச கயிறுன்னு தெரிஞ்சே கட்டினார், மூணு பேர் மேலேருந்து விழுந்தாங்க. விசாரிச்சா, பாவம், சின்ன வயசுலயே அப்பா இல்லாத பிள்ளை. எங்களுக்குத் தாங்கல. இப்ப அவர் மாமனார் முதக்கொண்டு வைத்தியம் நடக்குது."

"விழுந்தவங்களுக்கு?" என்று மொட்டை கேட்டார். நாற்காலியின் முன்காலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்கு உடம்புலதானேப்பா காயம். எங்க விதியில மனக் காயம்தான் வரும்."

மொட்டை தன் நொண்டிக் காலைப் பார்த்துக்கொண்டார்.

"மாமாவும் அப்படி வாங்கிக்கலாம்," என்றார் கண்காணிப்பாளர். "மூணு கொலைதான் ஏற்கெனவே பேர்ல இருக்கே. அக்காவக் கொன்னது நான்தான், அதுக்கு இன்ன நியாயம்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்தாப் போதும். நல்லவரா இருந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியல, பாருங்க."

கோடவுன்காரர் அக்காவைப் பார்த்தார். வாழ்க்கையில் அவளிடம் கேட்காமல் அவர் எதையும் செய்ததில்லை.

"எழுதுடா," என்றாள் அக்கா. "பத்தொன்பதோட இருபது. தீ மட்டும் வேணாம்."

ஆறாவது படியில் காகிதத்தை வைத்து அவர் எழுதினார். என் அக்காவை நான் கொன்றேன். ஒரே நாளில் கொல்லவில்லை, முப்பது வருடம் பிடித்தது. எனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது, பிறகு வேலை தேட வேண்டியிருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இதில் என் பக்கம் நியாயம் ஒன்றும் இல்லை.

பொய் எழுதத்தான் உட்கார்ந்தார். பேனா அதன் போக்கில் போய்விட்டது.

தலைவர் உரக்கப் படித்தார். பாதியிலேயே அழுதுவிட்டார். இரண்டாவது உறுப்பினர் சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மினார். விலக்குப் பெற்ற மூன்றாமவரும் கண்ணாடிக்குள் கைவிட்டுத் துடைத்துக்கொண்டார், வாரிய வரலாற்றில் முதல் தடவையாக. கவுன்ட்டர் பெண் கோந்து பாட்டிலோடு ஓடிவந்தாள். ஐந்தே நிமிடத்தில் முத்திரை குத்திச் சான்றிதழ் கைக்கு வந்தது. அக்கா அதைப் படிக்கவில்லை. தம்பி எழுதியதை மட்டும் வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "கிறுக்கன்," என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி," என்றார் கண்காணிப்பாளர், பேனாவைத் திறந்துகொண்டு. "வைத்தியம் யாருக்கு? குடும்ப உறுப்பினர் பேரச் சொல்லுங்க."

"எங்க அக்காவுக்குத்தான்."

கண்காணிப்பாளர் சான்றிதழைப் பார்த்தார், பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

"அவங்களத்தானே மாமா இப்ப கொன்னீங்க? வேற யாராச்சும் இருக்காங்களா?"

"வேற யாரும் இல்லீங்க."

"அடடா," என்றார் கண்காணிப்பாளர். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தலைவரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இப்படிப்பட்ட ஒரு தாயை வாரியம் சும்மா விட்டுவிடாது என்று படியிலேயே நின்று அறிவித்தார். பன்னிரண்டாவது படியில், வாசலுக்கு இடப்புறம், அம்மாவுக்கு ஆளுயரச் சிலை. நின்ற கோலத்தில். ஸ்டூடியோவே செய்து தர வேண்டும், இந்த மாத இறுதிக்குள் திறப்பு விழா. எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு நான்கு பேரும் அவளை மறுபடி இரண்டு மாடி ஏற்றினார்கள்.

சிலை செய்யும் வேலை, சொல்லவே வேண்டாம், கோடவுனுக்குத்தான் வந்தது. பதினாலாம் தேதி காலை, ஆஸ்பத்திரியில் வேறு யாரோ அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கோடவுன்காரர் முகமூடி கட்டிக்கொண்டு ஃபைபரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தை ஆட்கள் செய்தார்கள். சேலை மடிப்பையும் அவர்களே செய்தார்கள். ஒரு பகுதியை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை.

விழாவுக்கு அக்காவை அழைத்திருந்தார்கள். பன்னிரண்டு படி என்பதால் அவள் போகவில்லை. தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். கோடவுன்காரர் கடைசி வரிசையில் நின்றிருந்துவிட்டு, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அக்கா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள்.

"கழுத்த நேராக்கிட்டானுங்க."

"சொல்லிப் பாத்தேன்க்கா. கேக்கல."

"முட்டி?"

"அது நான் பண்ணது. ரெண்டு நாள் ஆச்சு. சேலைக்குள்ள இருக்கு, யாருக்கும் தெரியாது. ஆனா சரியா இருக்கு. நூறு வருஷம் நின்னாலும் ஒண்ணும் ஆகாது."

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். கைகளால் தன் இரண்டு முட்டியையும் மெல்லத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"அப்போ அவள இறங்கி வந்து டீ போடச் சொல்லு," என்றாள்.

கோடவுன்காரர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார்.